பேனல் மேல் ஜமக்காளம்

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அதிலும் சோலார் பேனல்மேல் யாராவது துணி உலர்த்திவிட்டால் நான் போடும் சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவு நடுகிறவர்களுக்கும் கேட்கும். என் மாமியார் விருத்தாம்பாளுக்கு இது தெரியாதா என்ன? ஆனாலும் அவருக்குக் கை நிற்காது. இடுப்பு உயரத்தில், பொழுதுக்கும் வெயில் படுகிற மாதிரி வழவழவென்று ஓர் இடம் இருக்கும்போது முள்வேலியில் எதற்குத் துணியைப் போட வேண்டும் என்பது அவர் நியாயம்.

கீரப்பாளையத்தைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக எங்கள் கொல்லை. நடுவில் வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை. கரண்ட் கம்பம் இன்னும் எங்கள் வரைக்கும் வரவில்லை, அதனால்தான் சோலார். அந்தக் கொட்டகையில்தான் அப்போது என் உயிரே இருந்தது. முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கிற இன்குபேட்டர் பெட்டி நிறைய வாத்து முட்டை.

நான் குடிகாட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பாதி வயது ஜன்னல் கம்பியில் சாய்ந்தே போய்விடும் போலிருந்தது. லீவு போட்டுவிட்டு முட்டை பொரிக்க உட்கார்ந்தேன். முதல் தடவை சூடு சரியாக நிற்காமல் அத்தனையும் கூமுட்டை. இந்தத் தடவை பொரித்தால் வேலையை விட்டுவிடு, இல்லையென்றால் திங்கட்கிழமை என்னோடு பஸ் ஏறு என்று வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் சொல்லிவிட்டார். அவரும் அதே கம்பெனிதான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. எனக்குத்தான் அந்தப் பஸ்ஸே இனி வேண்டாம் என்றிருந்தது.

குஞ்சு வெளியே வரும் நாளும் ஆயுத பூஜையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. காலையில் பார்த்தபோதே சில முட்டைகளில் கீறல் விழுந்திருந்தது. உள்ளே இருப்பது மூக்கால் தட்டுகிறது என்று அர்த்தம். இந்த நேரத்தில் சூடு போய்விட்டால் ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

வீட்டுக்காரர் கம்பெனி பூஜைக்குப் போயிருந்தார். கொழுந்தன் பாலகுமார் டிராக்டர் ஓட்டுகிறவன். அதைத் தேய்த்துக் கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டிவிட்டு, மீதிச் சந்தனத்தோடு கொட்டகைப் பக்கம் போனான். சோறு போடுகிற எந்த மெஷினுக்கும் அன்று பொட்டு வைக்காமல் விடக் கூடாது என்பதில் அவன் கறார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயில். பொரியும் சுண்டலும் வைத்த தட்டோடு வெளியே வந்தால், பேனல் தெரியவில்லை. பூஜைக்காக வீட்டையே கழுவிய அத்தை, கல்யாணத்தில் விரிக்கிற பெரிய ஜமக்காளத்தை ஈரத்தோடு மொத்தப் பேனலுக்கும் சேர்த்துப் போர்த்தியிருந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. நல்ல நாளும் அதுவுமாக! தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜமக்காளத்தின் ஓரத்தைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். ஒரே இழுப்புத்தான் பாக்கி.

அப்போதுதான் காதில் ஏதோ குறைவது தெரிந்தது. இன்குபேட்டர் ஃபேன் சத்தம் இல்லை.

பிடித்ததை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். இன்குபேட்டர் அணைந்து கிடந்தது. பாலகுமார் பேட்டரிகளுக்குப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, அழகு பார்த்துக்கொண்டு நின்றான். பேட்டரி சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. பேனல் சுவிட்ச் அப்படியே மேலே நின்றது.

"கழுவி பொட்டு வைக்கணும்னா பேட்டரியத்தானே அண்ணி மொதல்ல கழட்டுவோம்? வெயிலுதான் அடிக்குதே, பேனல்லயே ஓடும்னு நெனச்சேன். ஏன் நின்னுடுச்சின்னுதான் தெரியல" என்றான்.

டிராக்டருக்கு அது சரி. இதற்கு அது கொள்ளி. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சுவரில் கண்ட்ரோலர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. பேனலிலிருந்து வருகிற கரண்டை அடக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது அதுதான். பேட்டரி இல்லாத நேரத்தில் வெயில் கரண்ட் முழுசாக வந்து மோதினால் அந்தப் பெட்டி புகைந்துவிடலாம். மாட்டிக்கொடுத்த சிதம்பரத்துச் சபேஷ் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "பேட்டரி ஒங்க அத்த மாதிரின்னு வெச்சுக்குங்க அக்கா. மொதல்ல எழுந்துக்கும், கடைசியா படுக்கும்" என்றான். கண்ட்ரோலர் போய்விட்டால் இன்றைக்கு எந்தக் கடையில் போய் வாங்குவது? நாளைக்கும் விஜயதசமி லீவு. முட்டைகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அந்த நேரம் பார்த்து வெளியே அத்தையின் குரல்: "இதோ எடுத்துட்டேன், எடுத்துட்டேன், கத்தாத!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ட்ரோலர்மேல் இன்னும் வெயில் மோதவே இல்லை. ஜமக்காளம் மூடிக்கொண்டிருக்கிறது.

"அத்த, எடுக்காதீங்க! அப்படியே கெடக்கட்டும்!"

கல்யாணமாகி வந்த நாளாக நான் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. தூக்கிய ஓரத்தைப் பிடித்தபடியே சிலையாக நின்றுவிட்டார்.

முதலில் பேனல் சுவிட்சை இறக்கினேன். இன்குபேட்டர் பிளக்கைப் பிடுங்கினேன், இன்வெர்ட்டரை அணைத்தேன். பேட்டரி முனையில் ஈரச் சந்தனம் வழிந்திருந்தது. காய்ந்த துணியால் அதை ஒட்டத் துடைக்கச் சொன்னேன். பாலகுமார் முகம் செத்துப்போய்த் துடைத்தான். பிறகு எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி சுவிட்சை ஏற்றினேன். நடராஜா, தில்லைக்கு வந்து விளக்குப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கண்ட்ரோலரில் எதுவும் தெரியவில்லை. பிறகு மினுக்கென்று பச்சை விளக்கு வந்தது, பேட்டரி அளவும் தெரிந்தது.

பேனல் சுவிட்சை ஏற்றிவிட்டு, "இப்ப எடுங்க அத்த" என்றேன். ஜமக்காளம் போனதும் சார்ஜ் ஏறுகிற குறி ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம் இன்வெர்ட்டர், கடைசியாக இன்குபேட்டர். ஃபேன் சுற்றிய சத்தம் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூடியை யாரும் திறக்காததால் சூடு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. சந்தனம் கரைத்துப் பொட்டு வைக்கிற நேரம்தானே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறி, பழைய அளவில் நின்றது. அப்பாடா என்று வந்த மூச்சில் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

அத்தை ஜமக்காளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நடந்ததைச் சொன்னேன். கண்ட்ரோலர் அவருக்குப் புரியவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.

"அப்ப நான் போட்டது நல்லதா, கெட்டதா?"

"இன்னிக்கி நல்லது அத்த."

"நாளைக்கி?"

"நாளைக்கிப் போட்டா கத்துவேன்."

அவர் சிரித்தார். பாலகுமாருக்கும் அப்போதுதான் முகத்தில் உயிர் வந்தது. கோழி கூப்பிடுமுன் எழுந்து வீடு கழுவிய மனுஷி, போய்ச் செத்த நேரம் படுங்கள் என்றேன். பூஜை முடியாமல் யாராவது படுப்பார்களா என்று என்னையே அதட்டிவிட்டு, ஈர ஜமக்காளத்தின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிழிந்து வேலியில் போட்டுக்கொண்டிருந்தோம்.

கொட்டகைக்குள்ளிருந்து பாலகுமார் மெதுவாகக் கூப்பிட்டான். ஓடிப் போய்க் கண்ணாடி வழியே பார்த்தேன். ஓட்டை உதறிவிட்டு, நனைந்த மஞ்சள் மயிரோடு ஒன்று தள்ளாடி நின்றது. பக்கத்து முட்டையும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை எனக்கு சீட்டு பிடிக்க வேண்டாம் என்று சொன்னேன்.