காப்புக்காரி

கலாதேவி ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஓர் அருங்காட்சியகக் கிடங்கில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். நூறு வருடத்துக்கு முன்னர் இலங்கையின் வாகரைக் கரையிலிருந்து யாரோ எடுத்துவந்த வேடர் பெண்ணொருத்தியின் மண்டையோடு அங்கே ஒரு பெட்டியில் இருந்தது. அதன் மேல் வேறெதையும் அடுக்க அவள் விட்டதில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மேலிடத்துக்கு முதலில் எழுதியதும் அவள்தான். ஆறு வருடம் விடாமல் எழுதினாள்.

இந்த மே மாதம் வாகரை வேடர்கள் சார்பில் சின்னத்தங்கம் என்ற மீனவப் பெண் வந்து பெட்டியைப் பெற்றுக்கொண்டாள். இயக்குநர் பேசி முடித்ததும் அவள் மடியிலிருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்தாள்.

"வெளி ஆக்களுக்கு நாங்க பட்டம் குடுக்கிறது குறைவு. எங்கட ஆளக் காத்த இந்த அக்காவுக்குக் குடுக்கிறம். இனி இவ எங்களுக்குக் காப்புக்காரி."

கலாதேவி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் தங்கச்சி. எனக்கு ஏலாது."

"ஏன் அக்கா?"

"சின்னனில உங்கட பக்கம், வாழைச்சேனையில படிச்சனான். உங்கட ஆக்களில ஒரு பிள்ளை எனக்குப் பக்கத்தில இருந்தவ. 'வேடிச்சி' எண்டு கூப்பிட்டுச் சிரிப்பம். தொடங்கி வச்சது நான்தான். பிறகு அவ பள்ளிக்கூடம் வரேல்லை."

தமிழ் தெரியாத இயக்குநர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துப் புன்னகைத்தார். சின்னத்தங்கத்தின் முகம் இறுகிப்போயிருந்தது.

"என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. நானும் அஞ்சாம் வகுப்போட நிண்டுட்டன்."

கலாதேவி தலை குனிந்தாள்.

"அந்தப் பிள்ளைட பேர் என்ன?"

"பூமணி."

"மறக்கயில்லைதானே." சின்னத்தங்கம் அவள் கையைப் பிடித்து மணிக்கட்டில் நூலைக் கட்டினாள். "பட்டப்பேர் வச்சவவுக்கு நாங்க பட்டம் தாறம். ஆனா சும்மா இல்ல. பூமணியோட நீங்க கதைக்கணும். தேடிப் பிடிக்கிறது என்ட பொறுப்பு."

மூன்று வாரம் கழித்து, வேலை முடிந்து ட்ராம் நிறுத்தத்தில் நின்றபோது தொலைபேசி அடித்தது. சின்னத்தங்கத்தின் எண்தான். பேசியது வேறு குரல்.

"பூமணி கதைக்கிறன்."

"என்னை நினைவிருக்கோ?"

"இல்லாம? நீ இப்ப எங்கட காப்புக்காரியாமே."

"பூமணி, நான் அண்டைக்குச் செய்தது..."

"போன்ல வேணாம். வா. வந்து எனக்கு முன்னால இருந்து சொல்லு." பிறகு குரல் இளகியது. "அப்ப என்னட்ட வாங்கிச் சாப்பிட்ட கணவாய்க் கறி, இன்னும் சாப்பிடுவியா?"

"ஓம்," என்றாள் கலாதேவி. ட்ராம் வந்து போனது. அவள் அழுதுகொண்டே அங்கேயே நின்றாள்.