ஒண்ணும் தெரியல

நொடி மேடம் தாளை என் மேசைமேல் வைத்து, ஏழாவது வரியில் பென்சில் முனையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் பேசாமல் நின்றால் தப்பை நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடினேன். ஆறாவது வரியில் 'மறைந்தது, அரை நொடி' என்று இருந்தது. எட்டாவது வரியிலும் அதேதான். இரண்டுக்கும் நடுவே, ஏழில், என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: மேகம்.

"ஆறுக்கு மேகம் இல்ல. எட்டுக்கு மேகம் இல்ல. ஏழுக்கு மட்டும் யாரு கொண்டுபோய் வெச்சது?"

"அவருதான் அப்படி சொன்னாரு மேடம்."

"மேகம்னா சொன்னாரு?"

முந்தாநாள் காலையில் பதினோரு பேருக்குப் போன் செய்திருந்தேன். ஏழாவது ஆளுக்கு வரும்போது காது சூடாகிப்போயிருந்தது. அவர் என்ன சொன்னார் என்று நினைவிருந்தது. ஆனால் அது மேகம் இல்லை.

மேடத்துக்கு நொடி என்று பெயர் வைத்தது எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். மணி என்ன என்று கேட்டால், 'பத்து பதினேழு, நாப்பத்திரெண்டு நொடி' என்பார். 'ஒரு நிமிஷம் மேடம்' என்று சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வந்ததும், 'நாலு நிமிஷம் ஆச்சு' என்பார். கோபமாக இல்லை, தகவலாக.

இந்த வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. வானத்தைப் பார்க்கும் வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வானத்தைப் பார்ப்பதே இல்லை. என் மேசைக்கு எதிரே இருப்பது தண்ணீர்க் கறை படிந்த சுவர். தங்கியிருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். போன் பேசுவதும் அதைத் தாளில் எழுதுவதும்தான் என் வேலை. நாள் முழுக்கப் பேசிவிட்டு அறைக்குப் போனால் பேச ஆள் இருக்காது, பேசத் தெம்பும் இருக்காது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த முறை நாங்கள் பிடிக்கப் பார்த்தது ஒரு சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்கூட்டத்தின் வெளி ஓரத்தில் இருப்பது. அதற்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆபீசில் அதைக் கரிக்கட்டை என்போம். உண்மையில் கரியைவிடக் கருப்பு. நூறு பங்கு வெயில் விழுந்தால் நான்கு பங்கைத்தான் திருப்பித் தரும். பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் ஒரு மங்கல் புள்ளி, அவ்வளவுதான். அதைப் பார்த்து அதன் உருவத்தைச் சொல்ல முடியாது. அது எதை மறைக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்போதாவது அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். நட்சத்திரம் ஒன்றிரண்டு நொடி அணைந்து மறுபடி எரியும். அந்த நேரத்துக்கு ஆறாறு கிலோமீட்டர் தள்ளித் தள்ளிப் பதினோரு பேரைச் சின்னத் தொலைநோக்கிகளோடு வரிசையாக நிறுத்துவோம். ஒருவருக்கு ஒரு நொடி அணையும், இன்னொருவருக்கு ஒன்றரை. ஒவ்வொருவரின் நேரமும் ஒரு கோடு. கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால் கல்லின் உருவம் தாளில் வந்து நிற்கும்.

நிற்பவர்கள் எல்லாம் ஆசைக்கு வருபவர்கள். மருந்துக்கடைக்காரர், பேட்டரிக் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி, பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். ஏழாம் எண்ணில் நின்றவர் ரிட்டயரான பஸ் டிரைவர்.

"ஓரத்துலருந்து நடுவுக்கு வர வர நேரம் கூடணும்," என்றார் மேடம். "நாலுல ஒன்றரை நொடி. ஆறுல அரை நொடி. ஒன்பதுல திரும்ப ஒன்றரை. நடுவுல ஏன் குறையுது? ஏழுதான் சொல்லணும். இன்னைக்கு சாயங்காலம் நான் இதை அனுப்பணும். அவரு சொன்னது என்ன வார்த்தைன்னு கேட்டு எழுதுங்க. நீங்க புரிஞ்சுக்கிட்டதை எழுத வேண்டாம்."

டிரைவருக்குப் போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சொல்லு தம்பி. கரிக்கட்டை சிக்குச்சா?"

"சிக்கிடுச்சு அண்ணே. நட்சத்திரம் அணைஞ்சுதான்னு கேட்டப்போ ஒண்ணும் தெரியலன்னு சொன்னீங்கல்ல. மேகமா இருந்துச்சா?"

"மேகமா? சோப்பு போட்டுக் கழுவுன மாதிரில்ல இருந்துச்சு வானம்."

"அப்போ நட்சத்திரம் தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? ஜம்முன்னு தெரிஞ்சுது. அணையத்தான் இல்ல. கண்ணை எடுக்காம பாத்தேன், அது பாட்டுக்கு எரிஞ்சுது. ஒரு மாத்தமும் தெரியல. அதைத்தானே சொன்னேன்."

"அதை அப்பவே விவரமா சொல்லியிருக்கலாமே அண்ணே."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னத்த விவரமா சொல்றது. ஆறுல நின்ன மருந்துக்கடைக்காரரு விடியறதுக்குள்ள போன் பண்ணி, எனக்கு அணைஞ்சுது உனக்கு அணைஞ்சுதான்னு குதிக்கிறாரு. எனக்கு மட்டும் அணையல. முப்பது வருஷம் வண்டி ஓட்டிட்டு, தப்பான ஸ்டாப்புல நிறுத்திட்டோம்போலன்னு வெக்கமாப் போச்சு. நீயும் சரிண்ணேன்னு வெச்சுட்ட. அதோட போகட்டும்னு விட்டுட்டேன்."

"கேமராவுல பதிஞ்சது இருக்கா?"

"இருக்கு. இன்னைக்கு அழிச்சுடலாம்னு இருந்தேன்."

அழிக்க வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். அரை மணி நேரத்தில் அனுப்பிவைத்தார். மேடம் அந்தப் படத்தை நின்றுகொண்டே பார்த்தார். தூசி மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி. ஓரத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அணைய வேண்டிய நேரம் வந்தது, போனது. புள்ளி அப்படியே இருந்தது. மேடம் மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"ரெண்டு," என்றார். "ஒரு கல்லு இல்ல. ரெண்டு கல்லு, பக்கத்துல பக்கத்துல. நடுச்சந்துல இவரு நின்னுருக்காரு."

ரப்பரை எடுத்து என் மேகத்தை அழித்தார். அந்த இடத்தில் 'மறையவில்லை' என்று எழுதினார். தாளை ஊதிவிட்டு எழுந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எனக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

"பாக்க முடியலங்கிறது வேற, பாத்தும் ஒண்ணும் நடக்கலங்கிறது வேற," என்றார். "இனிமே யாராவது தெரியலன்னு சொன்னா, அங்கயே நிறுத்தி, என்ன தெரியலன்னு கேளுங்க. அடுத்த ஆளுக்குப் போகாதீங்க."

தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விட்டார். நான் 'தெரியல' என்ற அந்தச் சொல்லோடு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா அதைச் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்காவுக்கு இடது கண் முன்பே புகை. வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் தையல்கடையில் காஜா எடுத்து, பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள். டேப் இல்லாமலே அளவு சொல்வாள். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கழுத்து பதினைந்தரை என்பாள். அந்த வலது கண்ணிலும் ஏதோ நீர் கோத்திருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள். மாமா சரக்கு லாரியில் போயிருந்தார். நான் பத்து நாள் லீவுக்கு எழுதி டிராயரில் வைத்துவிட்டு, ஊசி போட்ட அன்று சாயங்காலம் போன் செய்தேன்.

"போட்டாங்களா அக்கா?"

"போட்டாங்கடா."

"எப்படி இருக்கு?"

"ஒண்ணும் தெரியல."

"அப்பாடா," என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. கண்ணுக்குள் ஊசி என்றதிலிருந்து எனக்கு வலியைப் பற்றித்தான் பயம். வலி தெரியவில்லை என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். லீவுத் தாள் டிராயரிலேயே கிடந்தது. ஒன்றரை நாள் ரயில், அதற்குமேல் பஸ். சோம்பல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் போக வேண்டாம் என்றானதும் உடம்பு லேசானது உண்மை. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். கண் எப்படி என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கு என்றாள். அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரம். உள்ளே மேடத்தைத் தவிர ஆபீசில் யாரும் இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னடா இந்நேரத்துல. வேலையை விட்டுத் தொரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல. நீ கடையிலயா?"

"வீட்லதான். கடைக்குப் போயி மூணு வாரமாச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அங்கருந்து காஜா எடுத்து அனுப்புவியா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு ஊசி போட்டப்போ ஒண்ணும் தெரியலன்னு சொன்னல்ல. என்ன தெரியல?"

அவளுக்கும் அது எந்த நாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"கண்ணுதான்டா தெரியல. வேற என்ன. கட்டை அவுத்தாங்க, டாக்டரு விரலை நீட்டி எத்தனைன்னு கேட்டாரு, எனக்கு விரலே தெரியல. வெளிய வந்த உடனே உன் போன்."

"நான் அப்பாடான்னு சொன்னேன்."

"ஆமா. சொன்ன. நீ அவ்ளோ நிம்மதியா சொன்ன. அதுக்கு மேல நான் என்னத்த சொல்றது. அங்க நீயே தனியாக் கெடக்குற."

"ரெண்டாவது ஊசி இருக்குன்னாங்களா?"

"அடுத்த புதன். அதுல சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னு டாக்டரு சொல்றாரு. கூட ஒரு ஆளு வரணுமாம். மாமா வந்தாப் பாக்கலாம். வரலன்னா எதுத்த வீட்டுக்காரிய கூட்டிட்டுப் போறேன்."

எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்.

"நீ இப்ப எங்க உக்காந்திருக்க?"

"கட்டில்ல."

"எதுக்க ஜன்னல் இருக்குல்ல. குறுக்குக் கம்பி ஒன்பது. நடுக்கம்பிக்கு நேரா மூஞ்சிய வெச்சு, இடது கண்ண மூடிக்க. வலது கண்ண ஆட்டாத. மேலருந்து ஒவ்வொரு கம்பியா சொல்லு. எங்கருந்து எங்க வரைக்கும் தெரியுது, எங்க காணாமப் போகுது, திரும்ப எங்க வருது."

"எதுக்குடா?"

"சொல்லேன்."

"உங்க ஆபீஸ்ல இதான் வேலையா?"

"இதேதான்."

டிராயரை இழுத்துக் கையில் கிடைத்த தாளைக் கவிழ்த்துப் போட்டு ஒன்பது கோடு போடத் தயாரானேன். கட்டில் கிறீச்சிட்டது. அவள் நகர்ந்து உட்காருகிறாள். பிறகு அவள் குரல் மாறியது. சட்டைக்கு அளவு சொல்கிற குரல்.

"முதல் கம்பி முழுசா இருக்கு. ரெண்டாவதும் இருக்கு. மூணாவதுல... ஒன்பது இன்ச் வரைக்கும் வருது. அப்புறம் நாலு இன்ச் காணோம். அப்புறம் இருக்கு."

கோடு போட்டேன். நடுவில் நாலு இன்ச்சுக்குப் பென்சிலைத் தூக்கினேன்.

"நாலாவது?"

"ஏழு இன்ச். அதோட போச்சு. அந்தப் பக்கம் ஆறு இன்ச் வருது."

"கண்ண ஆட்டாத."

"ஆட்டல. ஆட்டினா அதுவும் கூடவே வருது, சனியன்." மூச்சு வாங்கினாள். "கருப்பாக்கூட இல்லடா. கருப்பா இருந்தா கருப்புன்னு சொல்லலாம். அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

"அஞ்சாவது?"

கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"அக்கா, அஞ்சாவது கம்பி இருக்கா?"

"இருக்கும்டா. நீதானே பெயிண்ட் அடிச்ச."

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் அடித்தேன். மீந்த பச்சை பெயிண்ட். நடுக்கம்பிக்கு வரும்போது பெயிண்ட் தீர்ந்துபோய், டப்பாவின் அடியைச் சுரண்டிச் சுரண்டி அடித்தது. அக்கா பக்கத்தில் நின்று, இங்க விட்டுட்ட, அங்க விட்டுட்ட என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓரம் மட்டும் சொல்லுக்கா. நடுவுல வேண்டாம். எங்க முடியுது, திரும்ப எங்க ஆரம்பிக்குது. அது போதும்."

"ஓரத்துல கொஞ்சம் இருக்கு. ரெண்டு பக்கமும். அஞ்சஞ்சு இன்ச் இருக்கும்."

இரண்டு பக்கமும் சின்னதாகக் கோடு போட்டேன். உள்ளே மேடத்தின் அறையில் போன் அடித்தது, அவர் எடுத்து நேரம் சொன்னார். தாளில் கோடுகள் விட்ட இடம் மெதுவாக உருண்டையாகிக்கொண்டு வந்தது. பென்சிலை அழுத்தியே பழகிவிட்டேன். கோடுகள் மறுபக்கத்துக்கும் புடைத்திருக்கும். திருப்பிப் பார்த்தேன். அது லீவுத் தாள். பெயரும் நாட்களும் எழுதியிருந்தேன். காரணம் என்கிற கட்டத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். கட்டத்துக்குள் கோடுகள் புடைத்து நின்றன, விரலால் தடவினால் எண்ணிவிடலாம்.

"என்னடா, இருக்கியா?" என்றாள் அக்கா.

"இருக்கேன். ஆறு சொல்லு."