படி ஏறாத சைக்கிள்

கடையில் ரஸ்ஸல் ஒரு மணி நேரம் நின்று கேள்வி கேட்டான். மோட்டார் எவ்வளவு ஏற்றம் தாங்கும், பேட்டரி எத்தனை வருஷம் வரும், மழையில் நனைந்தால் என்ன ஆகும், எல்லாம் கேட்டான். எடையை மட்டும் கேட்கவில்லை. கடைக்காரனே சொன்னான், இருபத்தாறு கிலோ என்று. மோட்டார் இழுக்கும்போது எடையைப் பற்றி யாருக்கு என்ன கவலை என்று அவனுக்கே விளக்கம் சொல்லிவிட்டு வந்தான் ரஸ்ஸல். நியூசிலாந்தின் வெலிங்டனிலேயே பிறந்து, அந்த மலைச் சாலைகளில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், தன் வீடு சாலையில் இல்லை என்பதைச் சுத்தமாக மறந்துபோனான்.

வீடு படிக்கு மேலே. அந்த ஊரின் புரூக்ளின் மேட்டில் பாதி வீடுகள் அப்படித்தான். சாலையோரம் தபால் பெட்டிகள் மட்டும் வரிசையாக நிற்கும். பக்கத்தில் புதர்களுக்கு நடுவே புகுந்து படிகள் மேலே போகும். காய்கறியும் படி ஏறித்தான் வரவேண்டும், சோபாவும் படி ஏறித்தான் வரவேண்டும். அவன் மனைவி நோலீனின் பழைய அலுமினிய சைக்கிளும் அவள் தோளில் தொங்கிக்கொண்டு வருஷக்கணக்காக ஏறி வந்ததுதான். அதைத் தூக்குவது ஒரு வேலை என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

சாலையில்தான் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். நியூடவுனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் எதிர்காற்றில் மேடு ஏற முடியாமல் பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாள். வெலிங்டனில் தெற்கே பனிக்கடலிலிருந்து வருகிற காற்றைத் தென்றல் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தால் அவளுக்குப் பேச்சே எழாது.

ரஸ்ஸல் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடப்பவன். கடைசியில் தன் மீன்பிடி படகை விற்று மின்சார சைக்கிளை வாங்கிவிட்டான். அவளுக்காகச் செய்ய அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவளுக்கும் அது தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, மேட்டை அந்தச் சைக்கிள் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. முதல் நாள் காற்றை எதிர்த்து ஏறியபோது நோலீன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இறங்கி, பழக்க தோஷத்தில் தோளில் போடப் பார்த்தாள். சைக்கிள் தரையை விட்டு எழவில்லை.

"இரு இரு," என்று மேலேயிருந்து இறங்கி வந்தான் ரஸ்ஸல். "நான் முன்னாடி புடிக்கிறேன். நீ பின்னாடி புடி."

"கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"ரெண்டு பேர் தூக்கினா பாதிக் கனம்தானே."

"பாதின்னாலும் பதிமூணு கிலோ, ரஸ்ஸல்."

"நீ என்ன, என்னைத் தராசுல வச்சுப் பாக்கிறியா? புடி."

கீழேயே பூட்டி வைக்கலாம் என்றும் பேசினார்கள். மேல் வீட்டு லாகி தன் சைக்கிளை அப்படித்தான் கம்பியில் பூட்டி வைத்தாள். காலையில் பூட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. ஆகவே தினமும் தூக்கினார்கள். நோலீன் தன் கால் வலியை மறந்துவிட்டு, முன்னால் போகிறவனின் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஏறினாள். ஒரு நாள் லாகி ஜன்னலைத் திறந்து, "சவப்பெட்டி தூக்குற மாதிரியே போறீங்களே. உள்ள போறது யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள். ரஸ்ஸல் வாய்விட்டுச் சிரித்தான். நோலீனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ரெண்டு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மழை என்று சாக்குச் சொல்லி பஸ்ஸில் போனால், "சைக்கிள் புடிக்கலையா?" என்று குழந்தை மாதிரி கேட்டான். புடிச்சிருக்கு என்று பொய் சொன்னாள். மேடு அவள் கால்களைத் தின்றது ஒரு காலம். இந்தப் படிகள் அவள் நெஞ்சையே தின்றன. சாயங்காலம் வளைவில் திரும்பும்போது, கீழே கையைப் பிசைந்துகொண்டு காத்து நிற்கும் அவனைப் பார்த்தாலே திரும்பிப் போய்விடலாமா என்றிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை அவன் கீழே இல்லை.

சைக்கிளைத் தபால் பெட்டியில் சாய்த்துவிட்டு ஓடினாள். பாதிப் படியில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறி, சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"நெஞ்சு வலிக்குதா? ஆம்புலன்ஸக் கூப்பிடறேன்."

"வலி இல்ல. மூச்சுதான். இப்பல்லாம் எறங்கும்போதே வாங்குது. கூப்பிடாத, உக்காரு."

அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நாடி அடங்கியது, உதட்டில் நிறம் திரும்பியது.

"என்னால முடியல நோலீன். மொத நாள்லேந்தே முடியல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"சொன்னேன். நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட."

அவன் கீழே சாலைப் பக்கம் திரும்பினான். பிறகு திடுக்கிட்டவன் போல, "சைக்கிளப் பூட்டினியா?" என்றான்.

"இல்ல. சாவி அதுலயே இருக்கு."

இருவரும் குனிந்து புதர் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவகாசமாக ஹேண்டிலைப் பிடித்தான். ரஸ்ஸல் எழப் போனான். நோலீன் அவன் மார்பில் கையை வைத்து உட்கார்த்தினாள்.

"கத்தாத. மூச்ச வீணாக்காத."

அவள் கத்தியிருக்கலாம். காது கேட்காத கிழவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். வாயைத் திறக்கவில்லை. ரஸ்ஸல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

கீழே அந்த ஆள் ஏறி உட்கார்ந்து மிதித்தான். சைக்கிள் அவனைச் சுமந்துகொண்டு, காற்றைச் சட்டை பண்ணாமல் மேட்டில் ஏறியது. அது வளைவில் மறையும்வரை ரஸ்ஸல் பார்த்துக்கொண்டிருந்தான், கண் கலங்கியிருந்தது. போன படகை நினைத்து நோலீனுக்கும் துக்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சிலிருந்த பயம் இறங்கி, பல வாரங்களுக்குப் பிறகு அவளால் ஒரு முழு மூச்சு விட முடிந்தது.

"அவன் வீடும் படிக்கு மேலயே இருக்கட்டும்," என்றான் ரஸ்ஸல்.