கிழக்கு வரிசை, மேற்கு வரிசை

நகராட்சிச் சந்தையின் மீன்கூடத்தைக் கெடுத்தவன் நான்தான். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது மேல். அங்கே யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அதுவும் பட்டப்பெயரோடு. எனக்கு அங்கே ரசமட்டம் சார் என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற சின்ன ரசமட்டம் ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். கண்ட இடத்தில் வைத்து, கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பேன். மச்சினன் ஆசையாகச் செய்துகொடுத்த மேசையில் அதை வைத்துப் பார்த்த நாளிலிருந்து அவன் என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

நகராட்சியில் நான் உதவிப் பொறியாளர். போன வருஷம் மீன்கூடத்துத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் வேலை என்னிடம் வந்தது. தொண்ணூறு வருஷத்துக் கட்டடம் அது. வேலையைத் தொடங்குமுன் ஆவண அறையில் போய்ப் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்தேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம் என்று நினைத்தேன், ஆனால் விரித்துப் பார்த்ததும் எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் காதலே வந்துவிட்டது. காய், பழம், இறைச்சி, மீன் என்று நான்கு கூடங்கள். காற்று எந்தப் பக்கமாக வெளியேறுமோ அந்தக் கடைசியில் மீன். பதினான்கு வார்ப்பிரும்புத் தூண்கள், அத்தனையும் உள்ளே குழாய். கூரையில் விழும் மழைநீர் தூணுக்குள்ளேயே இறங்கிப் போகும். மேலே வரிசையாகப் பலகணிகள், வெளிச்சம் வரும், வெயில் மீன்மேல் விழாது. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நாங்கள் கட்டுகிற லட்சணம் எங்கே, இது எங்கே.

எல்லாவற்றிலும் அழகு அந்தத் தரை. வாசலிலிருந்து பின்சுவர் வரை தொண்ணூறு அடி. அந்தத் தொண்ணூறு அடியில் தரை மூன்று அடி இறங்குகிறது. கொத்தனார்கள் இதை வாட்டம் என்பார்கள். வாசல் மாடத்தில் ஒரு பெரிய தண்ணீர்த்தொட்டி. சந்தை முடிந்ததும் அதன் அடைப்பைத் திறந்துவிட்டால் போதும், செதில், ரத்தம், ஐஸ் எல்லாவற்றையும் தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்ப் பின்கால்வாயில் சேர்த்துவிடும். ஏழு நிமிஷ வேலை. துடைப்பமே வேண்டாம்.

அந்தச் சரிவின் இரண்டு ஓரமும் கல் மேடைகள். கிழக்கு வரிசையில் பதினெட்டு, மேற்கு வரிசையில் பதினெட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி. மேடைகள் மட்டும் சமமாக இருக்கும். சரிவுக்குத் தக்கபடி ஒரு பக்கத்துக் கால் நெட்டை, மறு பக்கத்துக் கால் குட்டை. மீன் உருண்டு விழக்கூடாதல்லவா?

கிழக்கு வரிசையின் நான்காவது மேடைக்காரியை எல்லோரும் கொக்கு அக்கா என்பார்கள். ஒரு காலைத் தூக்கித் தூக்கி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பார், அதனால் வந்த பெயர். கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். கொக்குக்குத்தானே மீன் சிக்கும் என்பார். முப்பத்தொரு வருஷமாக அதே இடத்தில் நிற்கிறவர். அவருக்கு நேர் எதிரே, மேற்கு வரிசையில், அவருடைய நாத்தனார். கணவரின் தங்கை. மீன்காரர் சங்கத்துக்கு அந்த அம்மாள்தான் தலைவி. அவர் குரல் கொடுத்தால் பழக்கூடத்தில் தராசு முள் ஆடும் என்று சந்தையில் சொல்வார்கள்.

நான் அளவு எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், கொக்கு அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். எதிரே நாத்தனார் ஐஸ் வண்டிக்காரனோடு சண்டையில் இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"சார், புதுசா போடும்போது இந்தத் தரைய சமமா போட்டுட முடியாதா? இடுப்பு போச்சு சார். இடது பக்கம். காலைல எந்திரிச்சா சுவத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன்."

டாக்டரிடம் போனாரா என்று கேட்டேன். போனாராம், நிற்கிற வேலையை விடு என்றாராம். மேடை உரிமத்தில் ஒரு விதி உண்டு, தொண்ணூறு வருஷமாக உள்ள விதி: உரிமம் பெற்றவர் தாமே நின்று வியாபாரம் செய்ய வேண்டும், இயலாதவரின் மேடை காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். பட்டியலில் ஐம்பது பேர் இருந்தார்கள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முடியலன்னு தெரிஞ்சா மேடைய எடுத்துடுவாங்க. வீட்டுக்காரருக்கும் தெரியாது, எதிர்ல நிக்கிறாளே அவளுக்கும் தெரியாது" என்றார்.

அவர் காலடியில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு காலுக்கும் நடுவே கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், முப்பத்தொரு வருஷம், ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். வரைபடத்தைப் பார்த்து உருகினேனே, அதில் இந்த அம்மாள் எங்கே என்று ஒரு தடவைகூடத் தேடவில்லை.

சரி, இரக்கப்பட்டேன். இரக்கத்தோடு புத்தியும் கொஞ்சம் வந்திருக்கலாம். வாட்டத்தை எடுத்துவிட்டுத் தரையை ஆறு தட்டுகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு தட்டும் தட்டையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரையடிப் படி. தண்ணீர் போகத் தட்டுக்கு ஒரு குழாய். தரை காய்ந்த அன்று ஆறு தட்டிலும் ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தேன், குமிழி அசையாமல் நடுவில் நின்றது. கொக்கு அக்கா வந்து இரண்டு காலையும் ஊன்றி நின்று பார்த்தார். என்னமோ சாய்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். முப்பத்தொரு வருஷம் சரிவில் நின்றவருக்குச் சமம்தான் சரிவாகத் தெரிந்தது.

மூன்றே நாள். நாலாம் நாள் செதில் குழாய்களை அடைத்தது. குத்திக் குத்தி எடுத்தோம், மறுபடி அடைத்தது. தொட்டியைத் திறந்தால் தண்ணீர் முதல் தட்டிலேயே உட்கார்ந்துகொண்டது, நகர மாட்டேன் என்றது. ஐஸ் வண்டி படியில் இறங்கவில்லை. வாங்க வந்த பெரியவர் ஒருவர் படி தெரியாமல் விழுந்து கையைச் சுளுக்கிக்கொண்டார். இரண்டு வாரத்தில் பழக்கூடத்துக்காரர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். மீன்காரர்கள் தேங்கிய தண்ணீருக்கு மேல் பலகை போட்டு நின்றார்கள், பலகை வழுக்கியது, மீன் வாங்க ஆள் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

சங்கம் மனு கொடுத்தது. நாத்தனாரின் கையெழுத்து முதலில், கொட்டை எழுத்தில். பொறியாளரைச் சஸ்பெண்ட் செய்ய வேண்டும், எவனிடமோ காசுக்குக் கைநீட்டிவிட்டுத்தான் தரையை மாற்றியிருக்கிறான் என்று எழுதியிருந்தது. கைநீட்டியதாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முட்டாள் என்று எழுதியிருந்தால் நானே கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆணையர் என்னிடம் விளக்கம் கேட்டார். யார் கேட்டு மாற்றினேன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை, என் முடிவு என்று எழுதிக் கொடுத்தேன். அது எனக்கு நானே வைத்துக்கொண்ட கொள்ளி என்று தெரியும். காரணமே இல்லாமல் நன்றாக இருந்த தரையை ஒருவன் மாற்றினான் என்றால், ஒன்று அவன் பைத்தியம், இல்லை திருடன். பைத்தியத்துக்கு நகராட்சியில் தனி விதி கிடையாது.

வீட்டில் மனைவியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்றால் எப்படி என்று ஒரு மூச்சுத் திட்டினாள். அப்புறம் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தம்மா பேரச் சொல்லிட மாட்டீங்களே?" என்றாள்.

மாட்டேன் என்றேன். சரி, சாப்பிடுங்கள் என்றாள். அன்றைக்குத்தான் இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள நான் ஏதோ நல்லது செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

விசாரணை மீன்கூடத்திலேயே நடந்தது. காலை பதினொரு மணி. ஆணையர் ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். அந்த நாற்றத்தில் மூக்கைக்கூடச் சுளிக்காமல் ஒரு பலகைமேல் நின்றார். முப்பத்தாறு பேரும் அவரவர் மேடைக்குப் பின்னால். நான் நடுவில், கணுக்கால் தண்ணீரில், கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் பந்தியில் இடம் கிடைக்காதவனைப் போல.

நாத்தனார்தான் பேசினார். தொண்ணூறு வருஷமாக ஓடிய தண்ணீரை நிறுத்திய புண்ணியவான் என்று தொடங்கி, என் படிப்பு, என் பட்டம், என் ரசமட்டம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சொன்னதில் பாதி உண்மை என்பதால் எனக்கு ரோஷம்கூட வரவில்லை.

ஆணையர் என் பக்கம் திரும்பினார். "ஒரு காரணமும் இல்லாம மாத்துனீங்களா?"

"என் முடிவுதான் மேடம்."

"காரணம் கேட்டேன்."

நான் சட்டைப்பையில் இருந்த ரசமட்டத்தைத் தடவினேன். அவர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். எழுதப்போவது என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அவர விட்டுடுங்கம்மா" என்று ஒரு குரல். கிழக்கு வரிசை, நான்காவது மேடை. "நான்தான் கேட்டேன். எனக்கு நிக்க முடியல. இடுப்பு போயிடுச்சு. அவரு பாவம் பாத்து செஞ்சாரு. மேடைய எடுத்துக்கங்க, அவரு வேலைய எடுத்துடாதீங்க."

எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. கொக்கு அக்கா மேடைமேல் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார், அப்போதும் ஒரு காலைத் தூக்கியபடி. அத்தனை பேரும் நாத்தனாரைத்தான் பார்த்தார்கள். அண்ணியால் வந்த வினையா இது என்று கூரை அதிரக் கத்தப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு வந்த மெல்லிய குரலை அந்தக் கூடம் அதற்கு முன் கேட்டிருக்காது.

"எந்தப் பக்கம் அண்ணி?"

"இடது."

நாத்தனார் தன் இடுப்பில் கை வைத்தார். "எனக்கு வலது" என்றார்.

ஆணையர் பேனாவை மூடினார். வேறு யாருக்காவது வலி உண்டா என்று கேட்டார். யாரும் அசையவில்லை. விதி எல்லோருக்கும் தெரியும், ஐம்பது பேர் வெளியே காத்திருப்பதும் தெரியும். விதியை இன்றைக்கு நான் எடுத்து வரவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்றார் அவர். மேற்கு வரிசையில் கடைசி மேடைக்காரர், கரடுமுரடான ஆள், யாரிடமும் சிரிக்காதவர், மெதுவாகக் கையை வலது இடுப்பில் வைத்தார். பிறகு அவருக்கு அடுத்தவள். கிழக்கே முதல் மேடையில் இருந்தவள் இடது இடுப்பில் வைத்தாள். அதன் பிறகு எண்ண முடியவில்லை. கிழக்கு வரிசை முழுக்க இடது, மேற்கு வரிசை முழுக்க வலது. சரிவில் மேட்டுப்பக்கத்துக் கால் எதுவோ அந்தப் பக்கம். புதிதாக வந்த இரண்டு பேர் மட்டும் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள், அவர்களுக்கு இன்னும் வயசிருந்தது.

நான் பொறியாளர். இத்தனை பேரை வைத்து ஒரு தரையின் வாட்டத்தை இப்படி யாரும் எனக்குக் காட்டியதில்லை.

"இத்தனை மேடையையும் எடுத்துட்டா மீன் யாரு விக்கிறது, நானா?" என்றார் ஆணையர். அந்த விதியை மாற்றும் தீர்மானத்தை நகர்மன்றத்தில் தானே வைப்பதாகச் சொன்னார். பிறகு என்னிடம், பழைய வாட்டத்தையே போட வேண்டும், ஆனால் மேடைக்குப் பின்னால் நிற்கிற இடம் மட்டும் சமமாக இருக்க வேண்டும், முடியுமா என்றார். முடியும் என்றேன். ஆளுக்கு ஒரு கல், அடியில் தண்ணீர் ஓட இடம் விட்டு. மேடைக்கு நெட்டைக் காலும் குட்டைக் காலும் வைத்தவர்கள் அன்றைக்கே செய்திருக்கலாம். நீங்களும் முதலிலேயே யோசித்திருக்கலாம் என்றார் ஆணையர். எனக்கு ஒரு மெமோ வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஆணையர் போன பிறகும் ஒருவரும் கலையவில்லை. நாத்தனார் தன் பலகையை விட்டு இறங்கி, முழங்கால்வரை சேலையைத் தூக்கிக்கொண்டு, அந்த அழுக்குத் தண்ணீரில் கிழக்கு வரிசைக்கு வந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். இத்தனை நாளும் அதை மறைத்துத்தான் நடந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இருபத்தாறு வருஷமா எதிர்லயே நிக்கிறேனே அண்ணி, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ சொன்னியா?" என்றார் கொக்கு அக்கா.

நாத்தனார் மேடைக்கு அடியில் இருந்த ஐஸ் பெட்டியை இழுத்து, மூடியைத் துடைத்து, அண்ணியைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். மிச்சமிருந்த இடத்தில் தானும் உட்கார்ந்தார். வியாபார நேரத்தில் அந்தக் கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.