படத்தின் ஓரத்தில் ஒரு தகர ரயில்

பல் டாக்டருக்குப் பழைய பொம்மைகள் என்றால் பைத்தியம். ஆன்லைன் ஏலத்தில் விற்பவர் எழுதியிருப்பதைப் படிக்கவே மாட்டார். கடைவாய்ப் பல்லைத் தேடுவதுபோல் படத்தின் மூலைமுடுக்கெல்லாம் துழாவுவார்.

அன்று ஒரு பெட்டி நிறைய மொட்டைத் தலைப் பொம்மைகள் ஏலத்துக்கு வந்தன. சீந்துவாரில்லை. ஆனால் பெட்டிக்குப் பின்னால், அவர் ஆண்டுக்கணக்காகத் தேடிய சிவப்புத் தகர ரயில் எட்டிப் பார்த்தது!

"பாவம், விக்கிறவனுக்கு விவரம் பத்தல" என்று மனைவியிடம் சிரித்துக்கொண்டே அடிமாட்டு விலைக்கு எடுத்தார்.

பார்சலில் மொட்டைத் தலைகள் மட்டுமே வந்தன. கொதித்துப்போய் போன் போட்டார்.

"ரயில் எங்கய்யா?"

"அது விக்கிறதுக்கில்ல சார். எதைப் படம் எடுத்தாலும் அதைப் பின்னாடி வெச்சுத்தான் எடுப்பேன். விவரம் தெரிஞ்சவங்க சட்டுனு வாங்கிடுறாங்க."