ஒனே என்றால் ஓணான் இல்லை

1.

அன்று லண்டன் குட்மேய்ஸ் வீட்டில் இருந்தவர்கள்: சண்முகராசாவாகிய நான், பக்கவாதம் வந்தபின் பிறர் கையால் குளிக்கும் என் மனைவி சுசிலா, பாரிசில் வளர்ந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த ரஜனி, பிளேஸ்டோவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்த சுசிலாவின் தங்கை சந்திரவதனா, ஹெயிட்டிக்காரி கெர்லின், அவளுடைய மகள் நடேஜ்.

எங்கள் சொந்தக்காரர் எட்மண்டன் பாலசுப்பிரமணியன் அங்கே இருக்கவில்லை. இருந்தும் அவர்தான் போன கிழமை தொலைபேசியில் என் வீட்டுக் கதையை எனக்கே சொன்னார், அதுவும் பிழையாக! ரிசீவரை வைத்த கையோடு பேனையை எடுத்தேன்.

2.

முதல் தொடக்கம்: "கெர்லின் ஒரு பாவப்பட்ட..." வேண்டாம். இதைக் கேட்டால் என் முகத்திலேயே கதவைச் சாத்துவாள்.

இரண்டாவது: "கரீபியன் கடலின் அலைகள்..." அந்தக் கடலை நான் கண்டதில்லை.

மூன்றாவது: ஒரு பொய் இருந்தது. [பொய் என்பதை வெட்டி 'ஏற்பாடு' என்று எழுதினேன். ரஜனி வாசித்துவிட்டுச் சிரித்தாள். சரி, பொய் என்றே இருக்கட்டும்.]

கெர்லின் சுசிலாவைக் குளிப்பாட்டி, துடைத்து, உடுப்பு மாற்றுபவள். சொந்தக்காரருக்கு நாங்கள் சொன்னது வேறு: மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ். வீட்டு மனுசியைப் பார்க்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. மருமகள் வேலை வேலை என்று ஓடி மாமியைக் கைவிட்டாள் என்ற பேச்சு வரவே கூடாது.

இனித்தான் அதிசயம்! ஹெயிட்டியில் ஜாக்மெல் என்ற கரையோர ஊரில், தமக்கையிடம் சின்ன மகளை விட்டுவிட்டுப் புறப்பட்ட கெர்லினும் மகளுக்கு இதையேதான் சொல்லியிருந்தாள்: லண்டனில் நர்ஸ், ஒரு தமிழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஒரே பொய் இரண்டு குடும்பத்து மானத்தையும் போர்த்திக்கொண்டு நின்றது!

"அவையும் எங்கட ஆக்கள் மாதிரித்தான் மாமா," என்றாள் ரஜனி. "இஞ்ச கோப்பை கழுவுறவை எல்லாரும் ஊரில மனேஜர்."

3.

இங்கே 'நான்' ஒதுங்கட்டும். கெர்லினின் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

மொன்றியலில் படிக்கும் மகள் அன்று பின்னேரம் லண்டன் வருகிறாள். குளிப்பாட்டி முடித்து, நல்ல நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டேசனில் போய் நிற்பதாக ஏற்பாடு. சுசிலாவின் முதுகுக்குச் சவுக்காரம் போட்டபோது கெர்லினுக்கு மகள் நினைப்புத்தான். மகளை அடையாளம் தெரியுமா? மகளுக்குத் தன்னைத் தெரியுமா?

வாசலில் ஒரு குரல்: "ஒனே!"

கெர்லின் நிமிர்ந்தாள். அவளுடைய ஊரில் வீட்டுக்கு வருபவர்கள் வெளியே நின்று 'ஒனே' என்பார்கள். மானம் என்று பொருள். உள்ளே இருப்பவர்கள் 'ரெஸ்பே', மரியாதை, என்று பதில் கொடுத்தால்தான் படியேறுவார்கள். பிள்ளை நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்!

கூடத்தில் சந்திரவதனா பதறினாள். "அத்தான், வாசலில ஒரு பெட்டை நிண்டு ஓணான் ஓணான் எண்டு கத்துறாள்!"

"குட்மேய்ஸில ஏது ஓணான்?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கென்ன தெரியும்? உங்கட தோட்டத்தைத் துப்புரவாக்கினாத்தானே!"

"ஒனே!" மறுபடியும்.

வாயைத் திறக்காவிட்டால் பிள்ளை திரும்பி ஸ்டேசனுக்குப் போவாள். பிறகு நீலக் கோட்டோடு போய் நிற்கலாம். பழையபடி நர்ஸ். பொய் தப்பிவிடும்.

[இந்த இடத்தில் அவளைப் பேசாமல் இருக்கவைத்து ஒரு பக்கம் எழுதினேன். எவ்வளவு பத்திரமான பக்கம்! கிழித்துவிட்டேன். அவள் அப்படிச் செய்யவில்லை.]

"ரெஸ்பே!"

வீடு அதிர்ந்தது. பிளாஸ்டிக் ஏப்ரனும் கையுறையில் நுரையுமாகக் கெர்லின் ஓடிவந்தாள். பின்னால் சுசிலாவின் குரல் துரத்திக்கொண்டு வந்தது: "எடி பிள்ளை, எங்க ஓடுறாய்? முதுகில சவுக்காரம் கிடக்கு!"

சந்திரவதனா ஏப்ரனைப் பார்த்தாள். "நர்ஸ் எண்டெல்லோ சொன்னியள், அத்தான்?"

ரஜனி திறந்த கதவடியில் நடேஜ் நின்றாள். கையுறையைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"அவளும் அதைத்தான் கேக்கிறாள், மாமி," என்றாள் பிரெஞ்சு தெரிந்த ரஜனி.

கெர்லின் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு முன்னால் கொண்டுவந்தாள். மகளிடம் அவள் சொன்னதை ரஜனி தமிழில் சொன்னாள்: "கதவைச் சாத்து, குளிர் வருது. உள்ள ஒரு மனுசி நனைஞ்சபடி இருக்கிறா."

நடேஜ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாயும் மகளும் அந்த ஒடுங்கிய நடை ஓடையிலேயே நின்று கதைக்கத் தொடங்கினார்கள். மிச்சத்தையும் சொல்லு என்பதுபோல் வீட்டுக்காரர் ரஜனியைப் பார்த்தார்.

"மிச்சம் ஏலாது மாமா. அது தாய்க்கும் மகளுக்கும்."

4.

முடிவு அ: கட்டிப்பிடித்து அழுதார்கள். சினிமா.

முடிவு ஆ: மகள் கோபித்துக்கொண்டு அடுத்த விமானத்தில் ஏறினாள். பாலசுப்பிரமணியனுக்குப் பிடித்த முடிவு.

முடிவு இ: நான் நடுவில் நின்று தாய்மையின் மேன்மையைப் பற்றி... [ரஜனி: "அவை கதைக்கேக்க நீங்கள் வாயே திறக்கேல்லை, மாமா." உண்மை.]

உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். அது கெர்லின் வீட்டு மானம். அதை விரித்துப்போட எனக்கு உரிமையில்லை. என் வீட்டுப் பங்கைச் சந்திரவதனாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன்: அவள் நர்ஸ் இல்லை. என் மனைவியைப் பார்க்கச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். ரஜனி வேலைக்குப் போகிறாள். இனியும் போவாள்.

கெர்லின் மகளின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாளாம் என்று பிளேஸ்டோவில் பேசிக்கொள்கிறார்கள்.

விழவில்லை. கேட்கவுமில்லை. நிமிர்ந்து நின்றுதான் கதைத்தாள்.