நாற்பது மைலுக்கு மேல்

லால்குடி வயல்களில் நெல் ஏற்ற நான் ஓட்டும் பழைய பிக்கப் வேன், நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினால் உதறும். டயருக்குக் காற்றடித்தேன், ஸ்டியரிங்கைப் பிரித்துப் பார்த்தேன். உதறல் போகவில்லை.

“உன் கைதான் நடுங்குது. வயசாச்சுல்ல,” என்றார் வேனுக்குச் சொந்தக்காரரான எங்கள் ஸ்ரீரங்கத்து மண்டி முதலாளி.

அலுத்துப்போய்ப் பாலக்கரை மெக்கானிக் சுக்கூரிடம் வண்டியை விட்டேன். அவர் முன்சக்கரத்தைக் கழற்றித் திருப்பினார். உள்பக்கம் ஒரே இடத்தில் வயல் சேறு கல்லாக இறுகியிருந்தது.

“ஒரு பக்கம் பாரம் இருந்தா வேகத்துல உதறாம என்ன செய்யும்? கழுவறதே இல்லையாண்ணே?”

“வெள்ளிக்கிழமை தவறாம கழுவறேன். பொட்டு வைக்கிற பக்கத்தை மட்டும்.”

சேற்றைச் சுரண்டிவிட்டு, முதலாளியை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் ரோட்டில் ஐம்பதில் போனேன். ஸ்டியரிங் அசையவில்லை.

“அட, நல்லா ஓடுதே,” என்றார். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னார்: “திங்கக்கிழமைலேருந்து வேற டிரைவரை வரச் சொல்லிட்டேனேப்பா.”